சட்டைக் கைக்குள் ஒரு தகடு

எங்கள் வீட்டில் தங்கச்சிக்கு அடுத்த நாளைக்கான தலையை முதல்நாள் பின்னேரமே பின்னிவிடுவார் அம்மா. இரட்டைப் பின்னல். இறுக்கி, ரிபன் கட்டி, குலையாமல் இருப்பதற்காக அதற்குமேல் தன்னுடைய பழைய சேலைத் துண்டொன்றைச் சுற்றிவிடுவார். ஐந்து வயதுத் தங்கச்சி அந்தத் தலைப்பாகையோடுதான் நித்திரைகொள்வாள். காலையில் துண்டை அவிழ்ப்பது என் வேலை. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஒரு பின்னல் உச்சிக்கும் மற்றது காதடிக்கும் போயிருக்கும். ‘தாயில்லாப் பிள்ளை மாதிரி வந்திருக்கிறாய்’ என்று முன்பள்ளி ரீச்சர் ஒருநாள் சொன்னதைத் தங்கச்சி வீட்டில் வந்து அப்படியே ஒப்புவித்தாள். அன்று பின்னேரம் அம்மா இன்னும் இறுக்கிப் பின்னினார். தங்கச்சியின் புருவம் இரண்டும் மேலே போய், எந்த நேரமும் எதற்கோ ஆச்சரியப்படுகிறவள் போல இருந்தாள்.

காலையில் பின்னிவிட அம்மா வீட்டில் இருக்கமாட்டார். நாலே முக்காலுக்குக் கண்டி வீதிச் சந்தியில் நிற்கவேண்டும். வேலைக்கு ஏற்றிப்போகும் வான் யாருக்காகவும் காத்து நிற்காது. மிருசுவிலுக்குக் கிழக்கே, பனங்கூடலுக்கு ஊடாக உள்ளே போகும் ஒழுங்கையில் எங்கள் வீடு. சந்திக்கு நடக்கக் கால்மணி நேரம். அதனால் மூன்று மணிக்கே எழும்பிப் புட்டவித்து, மத்தியானத்துக்குச் சோறும் ஒரு கறியும் வைத்து, எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போவார். எங்களை எழுப்பமாட்டார். வாசற் படலை திறக்கும்போது கிறீச்சிட்டு நாங்கள் விழித்துவிடக்கூடாது என்று அதன் பிணைச்சலுக்குக் கிழமைக்கொரு தரம் தேங்காயெண்ணெய் விடுவார். நான் கண் விழிக்கும்போது பாயில் அம்மா படுத்திருந்த இடத்தில் மடித்த போர்வை இருக்கும். அவ்வளவுதான்.

அப்பா வவுனியாவுக்கு மேசன் வேலைக்குப் போனவர். முதலில் கிழமைக்கொரு தடவை வந்தார். பிறகு மாதத்துக்கொரு தடவை. பிறகு அங்கே ஒரு வீடு கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். யாருக்குக் கட்டினார் என்பதைப் பெரியவர்கள் எங்களுக்கு முன்னால் கதைக்கமாட்டார்கள். அம்மா மிளகாய்த் தோட்டத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலிக்குப் போய், வேலை கிடைத்த நாளில் அடுப்பு மூட்டி, கிடைக்காத நாளில் எங்களை நேரத்தோடு படுக்கவைத்து, இரண்டு வருடம் ஓட்டினார். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த மாதச் சம்பள வேலை. அது வந்துதான் வீட்டுக்குக் கதவு வந்தது, என்னைப் புலமைப்பரிசில் வகுப்புக்கு அனுப்ப முடிந்தது. ‘உது போனால் பழையபடி தோட்டந்தான்’ என்று அம்மா அடிக்கடி சொல்லுவார். தோட்டம் என்ற சொல் எனக்கும் தங்கச்சிக்கும் வெறும் வயிற்றின் மறுபெயராக இருந்தது.

என்ன வேலை என்று கேட்டால், “பத்தை வெட்டித் துப்புரவாக்கிற வேலை” என்பார். அது பொய்யில்லை. வேலை நடந்த இடம் முகமாலை, சண்டைக்கால முன்னரங்கு. அங்கே பற்றையை வெட்டினால் அதற்குக் கீழே என்ன இருக்கும் என்பதை எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த ‘மிதிவெடி கவனம்’ மண்டையோட்டுப் படமே சொல்லும். எனக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்தேன். வேலைக்குப் போகும்போது அம்மா தன்னிடமிருந்த ஒரேயொரு சோடித் தோட்டைக் கழற்றிப் பால்மா ரின்னுக்குள் போட்டுவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, “பத்தைக்குள்ளை விழுந்தா தேடேலாது, அப்பன்” என்றார். தாலியையும் அந்த வேலைக்குப் போகத் தொடங்கியபோதுதான் கழற்றினார். அதற்கு ஊருக்குச் சொல்ல வேலை ஒரு நல்ல சாட்டாக இருந்தது.

எனக்குப் பத்து வயது. புலமைப்பரிசில் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன், வாயில் அதைவிடக் கெட்டிக்காரன். ஒரு சனிக்கிழமை, படிப்பித்த சேர் கடைக்குப் போயிருந்த நேரம், என் அறுந்த செருப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

“உன்ரை கொம்மாவுக்கு இனிச் செருப்பு வாங்கேக்கை ஒண்டு மட்டும் வாங்குங்கோ. மற்றது வீண்.”

“ஏன்ரா?”

“வெடி எடுக்கப் போறவைக்கு ஒரு கால்தானே மிஞ்சும்.”

“என்ரை அம்மா பத்தை வெட்டப் போறவ.”

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நானும் சிரிக்க முயன்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கால்களைத்தான் பார்த்தேன். குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பெருவிரலில் பழைய காயம் ஒன்று, குதிக்காலில் வெடிப்பு. இரண்டு காலும் இருந்தன. அன்று முழுவதும் அம்மா எழும்பி நடக்கும்போதெல்லாம் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அம்மாவிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் ‘ஓம்’ என்று சொல்லிவிடுவார் என்ற பயம். ஆனால் ஏதாவது செய்யவேண்டும். என்னிடம் இருந்தது ஒரேயொரு பொருள். அப்பா வராமல்விட்ட வருடம் நான் இரவில் திடுக்கிட்டு எழும்பி அழுவேனாம். அம்மா என்னை அம்மன் கோயில் பூசாரியிடம் கொண்டுபோய் ஓர் அச்சரக்கூடு வாங்கி என் அரைஞாண் கயிற்றில் கோத்துவிட்டார். சுண்டுவிரல் நுனியளவு பித்தளைக் குழாய், அதற்குள்ளே மந்திரம் கீறிய செப்புத் தகடு. “உது உன்னோடை இருக்குமட்டும் உன்னை ஒண்டும் அண்டாது” என்று அம்மா அன்று சொன்னார். அம்மா சொன்னது என்பதால் எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. அன்றிலிருந்து நான் அழவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு கொடிகாமம் சந்தைக்குப் போன நேரம், அச்சரக்கூட்டின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தேன். சுருட்டியிருந்த தகட்டை விரித்து, திண்ணையில் தேய்த்து முத்திரை போலத் தட்டையாக்கினேன். அம்மாவின் வேலைச் சட்டை, நீலநிற முழுக்கைச் சட்டை, தோய்த்துக் காய்ந்து கொடியில் கிடந்தது. எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். காப்பாற்றவேண்டியது காலை. ஆனால் சாமிப் பொருளை இடுப்புக்குக் கீழே வைத்தால் குற்றம். கடைசியில் இடது கையின் மணிக்கட்டுப் பட்டியைத் தெரிவுசெய்தேன். அங்கே ஒரு தையல் ஏற்கெனவே விட்டிருந்தது. இரட்டைத் துணிக்கு நடுவே தகட்டைத் தள்ளி, வெள்ளை நூலால் தைத்தேன். விரலில் இரண்டு இடத்தில் ஊசி ஏறியது. தடவிப் பார்த்தேன். பட்டி கொஞ்சம் விறைப்பாக இருந்தது, கஞ்சி போட்டது போல. யாருக்கும் தெரியாது. வெறும் கூட்டைத் திரும்ப மூடி இடுப்பில் விட்டுக்கொண்டேன்.

அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. ஆனாலும் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை பின்னேரம் அம்மா மூன்று மணிக்கு வரவேண்டும். வரவில்லை. முன்பள்ளி முடிந்ததும் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த வளவுப் பெரியம்மா அவளை என்னிடம் விட்டுவிட்டு, “வான் பிந்தியிருக்கும், வந்திடுவா” என்றார். மூன்றரை. நாலு. நாங்கள் இருவரும் படலையடியில் நின்றோம். கண்டி வீதிப் பக்கமாக அம்புலன்ஸ் ஒன்றின் ஊளை கேட்டது. முகமாலைப் பக்கமிருந்து யாழ்ப்பாணப் பக்கம் போய்த் தேய்ந்தது.

“அண்ணை, உது என்ன?” என்றாள் தங்கச்சி.

“ஒண்டுமில்லை. ஆருக்கோ வயித்துக்குத்து.”

என் கை தன்பாட்டில் இடுப்புக்குப் போய் வெறும் கூட்டைப் பிடித்தது. தகடு அம்மாவோடு இருக்கிறது, தகடு அம்மாவோடு இருக்கிறது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

நாலேமுக்காலுக்கு ஒழுங்கை முடக்கில் அம்மா தெரிந்தார். இரண்டு காலாலும் நடந்து வந்தார். தங்கச்சி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் ஓடவில்லை. என் தகடு வேலை செய்துவிட்டது என்று படலையில் சாய்ந்து நின்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கிணற்றடிக் கொடியில் எறிந்தார். தோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. தங்கச்சிக்குத் தலை பின்னவும் உட்காரவில்லை. நேரே குசினிக்குள் போய் ஒரு சில்வர் ரம்ளரையும் கரண்டியையும் எடுத்து, வலது காதடியில் பிடித்து ‘டங்’ என்று தட்டினார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு இடது காதடியில். பிறகு திரும்பவும் வலது.

“தம்பி, எனக்குப் பின்னாலை போய் நிண்டு மெல்லமா ஏதும் சொல்லு பாப்பம்.”

“என்ன சொல்ல?”

“எதையெண்டாலும்.”

“ஏழெட்டு ஐம்பத்தாறு” என்று குசுகுசுத்தேன்.

“ஏழெட்டு ஐம்பத்தாறு. இன்னும் தள்ளிப் போ.”

தங்கச்சிக்கு இது புது விளையாட்டு. கோழிக்கூட்டடிவரை ஓடிப்போய் நின்று, “அம்மாஆ” என்று மூச்சால் சொன்னாள். அம்மா அதையும் கேட்டார். கேட்டுவிட்டு, கேட்டது உண்மைதானா என்று தெரியாதவர் போல அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அப்பா வராமல்விட்ட நாட்களில்கூட அம்மாவுக்கு அந்த முகம் இருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அன்ரி வந்தார். அம்மாவோடு ஒரே வானில், ஒரே அணியில் வேலைக்குப் போகிறவர். புருசனைச் சண்டையில் இழந்தவர், மூன்று பிள்ளைகள். அந்த ஒழுங்கையிலேயே பெரிய குரலும் பெரிய சிரிப்பும் அவருடையதுதான்.

“எட பிள்ளையள், கொம்மாவுக்கு இண்டைக்கு மண்ணுக்குள்ளை இருந்து ஆரோ ரெலிபோன் எடுத்திருக்கினம்!”

“அக்கா, பகிடி விடாதையுங்கோ.”

“பகிடி விடாமல் என்ன செய்யிறது? அழச் சொல்லுறியே?” என்றபடி அன்ரி குந்தினார். பிறகு குரலைக் குறைத்தார். அன்ரியின் குறைந்த குரல் எங்களுக்கு வடிவாகக் கேட்கும்.

நடந்தது இதுதான். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை. அதற்குள் ஒருவர் மட்டும்தான் நிற்கலாம். மற்றவர்கள் தூர. மண்ணுக்குள் உலோகம் தேடும் மெசினின் சத்தம் காதில் மாட்டியிருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். அது கத்தினால் அந்த இடத்தைக் கிண்டவேண்டும். கத்தியதற்கான இரும்பைக் கண்டெடுக்காமல் எழும்பிப் போகக்கூடாது. அதுதான் சட்டம். அம்மா காலை ஏழு மணிக்கு ஒரு சத்தம் கேட்டுக் குந்தியவர். வலது கையால் மெசினைத் தாழப் பிடித்து, இடது கையால் மண்ணை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தால் திரும்பவும் சத்தம். இன்னும் கிண்டினால் இன்னும் சத்தம். விரற்கடை விரற்கடையாக, பக்கவாட்டால் சுரண்டி, முழங்கை ஆழம் போய்விட்டார். ஒன்றுமில்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

“மூண்டு மணித்தியாலம், பிள்ளை. என்ரை இடத்திலை இருந்து பாக்கிறன், இவள் அதே இடத்திலை குந்திக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஈரல் கருகிப் போச்சு. பிறகு விசில் அடிச்சு எல்லாரையும் வெளியிலை எடுத்தாச்சு. சுப்பர்வைசர் தான் போய் மெசினை வைச்சுப் பாத்தார். ஒரு சத்தமில்லை. இன்னொருத்தியை விட்டார். அவளுக்கும் இல்லை. புது மெசின் ஒண்டு குடுத்து இவளைத் திரும்ப விட்டா, அதுவும் கத்துதாம்!”

“கத்தினது அக்கா. நான் கேட்டனான்.”

“ஓமடி, நீ கேட்டனி. வேறை ஒருத்தருக்கும் கேக்கேல்லை எல்லே. அதுதானே பிரச்சினை.” அன்ரி அம்மாவின் காதைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். “தோடு, ஊசி ஒண்டும் இல்லையே? முந்தி ஒருத்தி தலைக்குக் கிளிப் குத்திக்கொண்டு வந்து மெசினை அழவைச்சவள் எல்லே. மேலிலை துண்டு இரும்பு, செம்பு இருந்தாலும் காணும், அது மண்ணுக்கும் மனுசருக்கும் வித்தியாசம் தெரியாமல் கத்தும்.”

“எல்லாம் தடவிப் பாத்தவை. பொக்கற்றும் வெறுசு. பட்டன்கூடப் பிளாஸ்ரிக்.”

நான் தங்கச்சியின் ரிபனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது என் விரலைச் சுற்றிச் சுற்றி இறுகியது. பல வருடங்களுக்குப் பிறகு, உயர்தரப் பௌதிக வகுப்பில் சேர் கரும்பலகையில் ஒரு சுருளையும் அதன் பக்கத்தில் ஒரு செப்புத் தகட்டையும் கீறியபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. பக்கத்தில் இருந்தவன் காய்ச்சலா என்று கேட்டான். அந்தப் பாடத்தை நான் பத்து வயதிலேயே படித்துவிட்டேன் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

“சுப்பர்வைசர் என்ன சொன்னவர் எண்டு பிள்ளையளுக்குச் சொன்னனியே?” என்றார் அன்ரி.

“ஏன் அவைக்கு?”

“வீட்டுப் பிரச்சினையளை வீட்டுப் படலைக்குள்ளை வைச்சிட்டு வாங்கோ எண்டவர். தனிய இருக்கிற பொம்பிளையளின்ரை மனம் எந்த நேரமும் பிள்ளையளோடைதானாம், அதுதான் இல்லாத சத்தமெல்லாம் கேக்குதாம். நாளைக்குப் பயிற்சிக் காணியிலை இவளுக்குச் சோதினை. பிழை விட்டா வீட்டைதான்.”

பிழைவிட்டால் தோட்டம்.

நான் மெல்ல நழுவிக் கிணற்றடிக்குப் போனேன். பென்சில் சீவும் பிளேட் பொக்கற்றில் இருந்தது. சட்டையின் இடது கையைப் பிடித்து, என் வெள்ளை நூலைத் தேடி அறுத்தேன். அவசரத்தில் துணியும் கொஞ்சம் கிழிந்தது. தகடு வெளியே வந்தது. அன்று முழுவதும் வெயில் மண்ணில் கிடந்தது போலச் சூடாக இருந்தது. தகட்டை எடுத்தாயிற்று. நாளைக்கு மெசின் கத்தாது, அம்மா பாஸ் பண்ணிவிடுவார், யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை என்று நினைத்து மூச்சு விட்டேன்.

“அண்ணை அம்மான்ரை சட்டையைக் கிழிக்கிறான்.”

பின்னால் தங்கச்சி, பாதி அவிழ்ந்த தலையோடு.

“சத்தம் போடாதை!”

“அம்மாட்டைச் சொல்லுவன்.”

“சொன்னா நாளைக்கு உன்ரை தலைத்துண்டை அவிழ்க்கமாட்டன். அதோடையே பள்ளிக்கூடம் போ.”

அவள் யோசித்தாள். அது பெரிய மிரட்டல்தான். அவள் யோசித்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில்தான் குசினிப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“நாளைக்கு நான் பாஸ் பண்ணுவன் அக்கா. அது பிரச்சினையில்லை. ஆனா பேந்து எப்பிடி நான் உள்ளை போறது? கத்தாத இடத்திலை எனக்குச் சத்தம் கேட்டா, கத்துற இடத்திலை எனக்குக் கேக்காமலும் போகலாம் எல்லே? என்ரை காதை நானே நம்பேலாமல் அங்கை காலை வைக்கேலாது. பிள்ளையள் ரெண்டும் சின்னன். நான் விலகப்போறன்.”

கரண்டியை அன்ரி வாங்கிக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

அம்மா விலகினால் அவர் காலுக்கு ஒன்றும் ஆகாது. நான் விரும்பியதும் அதுதானே? பேசாமல் இருந்தால் போதும். தகட்டைக் கிணற்றுக்குள் போட்டால் முடிந்தது. ஆனால் அம்மா திரும்பவும் கரண்டியை எடுத்தார். ‘டங்’. நிறுத்தினார். ‘டங்’. அந்தச் சத்தத்தைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

உள்ளே போய்த் தகட்டை அம்மாவின் மடியில் வைத்தேன்.

“நான்தான். சட்டைக் கைக்குள்ளை தைச்சு வைச்சனான்.”

முதலில் புரிந்தது அன்ரிக்குத்தான். “அட படுபாவி! கொம்மாவைக் கொல்லப் பாத்தியோடா?” என்று கையை ஓங்கிக்கொண்டு எழும்பினார்.

“அக்கா, இருங்கோ.”

அம்மா தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைக் கிட்ட இழுத்து, சட்டையைத் தூக்கி, இடுப்பில் தொங்கிய வெறும் கூட்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கரண்டிச் சத்தம்தான் கேட்டது, ஒரே ஒரு தரம், அது அடங்கும்வரை நீளமாக.

“எனக்கு வடிவாக் கேக்குது” என்றார் அம்மா. யாருக்கும் அல்ல, தனக்கே சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப நேற்று இரவு உது இல்லாமலோ படுத்தனி?”

“ஓம்.”

“பயப்பிடேல்லையே?”

“பயந்தான்.”

அம்மாவின் கண் நிறைந்தது. நான் ஏன் அப்படிச் செய்தேன், யார் எனக்கு என்ன சொன்னது என்று எதையும் அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அம்மா, அப்ப அது உங்களைக் காப்பாத்தேல்லையோ?”

அன்ரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா முந்திக்கொண்டார். “காப்பாத்தினது அப்பன். நாள் முழுக்க என்னை ஓரிடத்தாலை அசைய விடேல்லையே.” சொல்லிக்கொண்டே தகட்டைச் சுருட்டிக் கூட்டுக்குள் தள்ளி மூடினார்.

மறுநாள் அம்மா போய், தகட்டைத் தானே கொண்டுவந்ததாகச் சொல்லியிருக்கிறார். சோதினையில் ஒரு பிழையும் விடவில்லையாம். கிண்டிய குழியைப் பார்த்து, இவ்வளவு நேரம் கை நடுங்காமல் கிண்டியிருக்கிறாள் என்று சுப்பர்வைசரே வியந்தாராம். ஆனாலும் மேலில் செம்போடு உள்ளே போனது குற்றம். பத்து நாள் வேலையில்லை, சம்பளமும் இல்லை. அதன் பிறகு பயிற்சியைத் திரும்பத் தொடக்கத்திலிருந்து செய்யவேண்டும்.

எனக்கும் தங்கச்சிக்கும் அந்தப் பத்து நாளும் திருவிழா. காலையில் கண் விழித்தால் அம்மா. தங்கச்சிக்கு விடிந்த பிறகு தலை பின்னினார், அவள் புருவம் பழைய இடத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அம்மா படலைவரை வந்து அனுப்பினார். பானையில் அரிசி குறைந்ததும், மத்தியானத்துக்கு இருந்த ஒரு கறியும் சம்பலாக மாறியதும் எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எல்லாம் தகட்டின் மகிமை என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த நாட்களில் ஒருநாள் அன்ரி வந்து சத்தம் போட்டார். “நீயே ஏன்ரி பழியை ஏத்துக்கொண்டனி? பெடியன் அறியாமல் செய்துபோட்டான் எண்டு சொன்னா ரெண்டு நாளோடை முடிஞ்சிருக்கும். இப்ப எல்லாரும் உன்னைத் ‘தகட்டக்கா’ எண்டு சொல்லிச் சிரிக்கினம். வெடிக்குப் பயந்து மந்திரம் கட்டிக்கொண்டு வந்தவளாம்!”

“சிரிக்கட்டும்” என்றார் அம்மா, வெங்காயத்தை உரித்தபடி. “பிள்ளை பயந்து செய்தது எண்டு சொன்னா, பேந்து பிள்ளையள் இருக்கிற பொம்பிளையளை வேலைக்கு எடுக்க யோசிப்பினம். பிள்ளையள் இல்லாத ஆர் அக்கா அங்கை நிக்கினம்?”

அன்ரி தானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். நான் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எனக்கு அடி விழாமல் பொய் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார் என்று மட்டும்தான் எனக்கு விளங்கியது.

பத்து நாள் முடிந்து அம்மா திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், நாலேகாலுக்கு யாரோ என்னை உலுப்பினார்கள். அம்மா, நீலச் சட்டையோடு, விளக்கைப் பிடித்தபடி.

“எழும்பு தம்பி. என்னைத் தடவிப் பார்.”

“என்னத்தை?”

“ஒண்டும் இல்லையோ எண்டு பார். கொலர், கைப்பட்டி, பொக்கற், எல்லாம்.”

அரைக் கண்ணோடு தடவினேன். “ஒண்டுமில்லை.”

“வடிவாப் பாத்தியோ?”

“ஓம்.”

“அப்ப நான் வாறன்.”

“ம்” என்றுவிட்டுச் சரிந்து படுத்தேன்.

மறுநாளும் எழுப்பினார். அதற்கு அடுத்த நாளும். அம்மாவே தன் கையால் தடவிப் பார்க்கமுடியாதா? இது எனக்கான தண்டனை என்று முடிவுகட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு குற்றத்துக்கு ஒரு கிழமை முட்டுக்காலில் நிற்கவைப்பார்கள், அம்மாவின் தண்டனைக்கு முடிவே இருக்கவில்லை. நான் புலமைப்பரிசில் எழுதி, பிறகு சாதாரணதரம் எழுதி, அந்தக் காணி துப்புரவாகி முடியும்வரை, ஏழு வருடம், வேலை நாள் ஒவ்வொன்றிலும் நாலேகாலுக்கு ‘ஒண்டுமில்லை’ என்று நான் சொன்ன பிறகே அம்மா ‘வாறன்’ சொல்லிவிட்டுப் போனார்.

அந்த முதல் கிழமைகளில் இன்னொன்றும் என்னை எரிச்சற்படுத்தியது. அம்மா போகும்போது படலை கிறீச்சிட்டது. தடவிப் பார்த்துவிட்டுச் சரிந்தவன் அந்தச் சத்தத்தில் திரும்பவும் முழுதாக விழித்துவிடுவேன். ஒழுங்கை மணலில் அவர் நடந்து போவது, இரண்டு காலடியும் மாறி மாறி, முடக்கு வரைக்கும் கேட்கும்.

“படலைக்கு எண்ணெய் விடுங்கோவன் அம்மா” என்று ஒருநாள் சொன்னேன்.

“எண்ணெய் முடிஞ்சு போச்சு, அப்பன்.”

குசினித் தட்டில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் கழுத்துவரை இருந்தது. அம்மாவுக்கு இப்போதெல்லாம் மறதி வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.